ஃபோம் டப்பாவை கொஞ்சம் கீழே வைங்க சார்!

இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால நாலஞ்சு மாசமா வயித்துக்குள்ள கொதிச்சுக்கிட்டு இருக்கிற ஒரு விஷயத்தை இறக்கி வச்சிடறேன். அரசியல் இல்லை, சினிமா இல்லை, கவுஜ சத்தியமா இல்லை. ஃபோம். ஹார்டுவேர் கடையில விக்கிறாங்களே, அமுக்கினா புஸ்ஸுனு மஞ்சளா நுரை வந்து, பொங்கி, இறுகி, கட்டியாகிற பி.யு. ஃபோம். அதேதான். "பொட்டி தட்டுறவனுக்கு இதுல எல்லாம் ஒரு கோவமா?"ன்னு கேக்கிறவங்க முழுசா படிச்சிட்டு வந்து பின்னூட்டத்துல கும்முங்க. வாங்கிக்கிறேன் :-)

கொஞ்ச நாளா எங்க பார்த்தாலும் ஒரே மாதிரி வீடியோ. "ஒரே டப்பா, அச்சுக்குள்ள அடிங்க, அரை மணி நேரத்துல சிலை ரெடி!" பின்னணியில குத்துப்பாட்டு வேற. பள்ளிக்கூட ஆண்டு விழா மேடைக்குப் பாறை, குகை, கோயில் தூண், யானைத் தலை எல்லாமே இந்த டப்பாவுலதான் பிறக்குது. எங்க ஏரியா கடைக்காரர் கிட்ட கேட்டேன். "தெர்மாகோலுக்குத் தடை வந்ததுல இருந்து இதுதான் சார் ஓடுது"ங்கிறார். 2022 ஜூலை 1-ல இருந்து அலங்காரத்துக்குத் தெர்மாகோல் கூடாதுன்னு மத்திய அரசு தடை போட்டது உண்மைதான். அந்தப் பட்டியல்ல இருக்கிறது பாலிஸ்டைரீன். பாலியூரித்தேன் இல்லை. அதனால ஒரு நுரையை விட்டுட்டு இன்னொரு நுரைக்குத் தாவிட்டோம். சுற்றுச்சூழலைக் காப்பாத்திட்டோமாம். வாழ்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். டப்பா ஃபோம் இடுக்கை அடைக்கிற சாமான். வார்ப்புச் சாமான் கிடையாது. அதை அச்சுல ஊத்தச் சொல்லி விக்கிறவரும், ஊத்தி வீடியோ போடறவரும் பண்றது பித்தலாட்டம். அதுல செஞ்ச பொருளைக் குழந்தைங்க ஆடுற மேடையில விளக்குக்குப் பக்கத்துல நிறுத்துறது பித்தலாட்டத்தை விட மோசம்.

முதல்ல அந்த டப்பாக்குள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம். பாலியூரித்தேனுக்கு ரெண்டு சரக்கு வேணும். ஒண்ணு ஐசோசயனேட், இன்னொண்ணு பாலியால். 1937-ல ஜெர்மனியில ஓட்டோ பேயர்ங்கிறவரும் அவரோட ஆளுங்களும் கண்டுபிடிச்ச சமாச்சாரம். ஐசோசயனேட்டோட தண்ணி சேர்ந்தா கார்பன் டை ஆக்சைடு கிளம்பும், சோடாவுல இருக்கிற அதே வாயுதான். அதுதான் நுரையைப் பொங்க வைக்குது. டப்பாவுல இந்த ரெண்டு சரக்கையும் பாதி சமைச்சு, பெரும்பாலும் சமையல் கேஸோட சொந்தக்கார வாயு ஏதாவது சேர்த்து அடைச்சிருக்காங்க. வெளியே வந்ததும் மீதிப் பாதியை சமைக்கிறது யாரு? காத்துல இருக்கிற ஈரம்.

இங்கதான் முழுக்கதையும் இருக்கு. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு இஞ்ச் இடுக்கு. அங்க அடிச்சா காத்து படும், ஈரம் போகும், இறுகும். ஒரு அடி ஆழ அச்சுக்குள்ள மூணு டப்பாவைக் காலி பண்ணி, மேல மூடியும் போட்டு இறுக்கினா ஈரம் எந்த வழியா உள்ள போகும்? வெளிப்பக்கம் பத்து நிமிஷத்துல தோல் கட்டிடும். அந்தத் தோலே உள்ள போற ஈரத்துக்குக் கதவைச் சாத்திடும். உள்ள இருக்கிறது பச்சையாவே கிடக்கும்.

எங்க டீம்ல ஒரு தம்பி. அக்கா பொண்ணு நாடகத்துக்கு யானைத் தலை செய்யறேன்னு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு போட்டான். அச்சு அருமையா வந்திருந்தது, பொய் சொல்லக்கூடாது. வீடியோவுல சொன்ன மாதிரியே மூணு டப்பா. மறுநாள் பிரிச்சா மேல பிஸ்கட் மாதிரி கெட்டி. பெயின்ட் அடிச்சு, தந்தம் வச்சு, எனக்குப் போட்டோ எல்லாம் அனுப்பினான். மூணாவது வாரம் ஒரு கன்னம் உள்ள போயிடுச்சு, துதிக்கை பக்கத்துல வெடிப்பு. "என்னண்ணே இது?"ன்னு தூக்கிட்டு வந்தான். ரம்பம் வச்சு அறுத்தோம். உள்ள திருநெல்வேலி அல்வா. கம்பி இழுக்குது. பாவம், அவன் முகத்தைப் பார்க்க முடியலை. இத்தனைக்கும் டப்பா ஓரத்துல எறும்பு எழுத்துல போட்டிருக்கு: அடுக்கடுக்கா அடிக்கணும், ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணி தெளிக்கணும், அது இறுகினப்புறம்தான் அடுத்த அடுக்கு. வீடியோக்காரர் அதைச் சொல்லலை. சொன்னா 'அரை மணி நேரம்' எங்க வரும்? அடுக்கடுக்கா அடிச்சாலும் நல்லா இறுகும்தான், ஆனா அடுக்குக்கு அடுக்கு தோல் விழும், அச்சோட மூலை முடுக்குக்கு ஒழுங்கா போகாது. மூக்கு நுனியில ஒரு ஓட்டை, காதுல ஒரு பள்ளம். அதுக்கு அப்புறம் புட்டி வச்சு ரெண்டு நாள் தேய்க்கணும். அச்சு போட்ட புண்ணியமே போச்சு.

அப்போ வார்ப்புக்கு என்ன? ரெண்டு டின்னா வர்ற ஃபோம். ஒண்ணுல பாலியால், ஒண்ணுல ஐசோசயனேட். கலந்தா தானே சமையும். வெளி ஈரம் தேவையில்லை, ஒரு அடி ஆழமும் ஒரே மாதிரி இறுகும். அச்சுல ஊத்தறதுக்குன்னே செஞ்ச சரக்கு இது. இதைச் சொன்னா உடனே வர்ற பதில், "அது பெரிய கம்பெனிக்காரங்க சமாச்சாரம், நமக்கு சரிப்படாது". ஏன் சரிப்படாது? தராசு இருக்கா? பெருக்கத் தெரியுமா? அவ்ளோதான் வேணும்.

மெத்தைக் கடைக்குப் போனா "40 டென்சிட்டி குடுங்க, 32 வேணாம்"னு பேரம் பேசறோம். அதே நாம ஃபோம் வாங்கும்போது டென்சிட்டியைக் கேக்கவே மாட்டோம். 32-ன்னா ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ. நமக்குப் புரியற மாதிரி சொன்னா, ஒரு லிட்டர் இடத்தை நிரப்ப 32 கிராம். ஐஸ்பெட்டி, படகு மிதவை மாதிரி வெறும் இடம் அடைக்கிற வேலைக்கு இது போதும். கை வைக்கிற, தூக்கிட்டு ஓடற பொருளுக்கு 64 பக்கம் போகணும். செதுக்கணும், ஓரம் கூர்மையா நிக்கணும்னா 128. ஸ்குரூ முறுக்கி மாட்டணும்னா அதுக்கும் மேல. டென்சிட்டி ஏற ஏற பொங்கறது குறையும், செலவு ஏறும். நுரையாகாத கெட்டி பாலியூரித்தேன் லிட்டருக்கு சுமார் 1,100 கிராம். அதை 32-ஆல வகுத்தா முப்பத்தி நாலு சொச்சம். அத்தனை மடங்கு பொங்குதுன்னு அர்த்தம். 128-ன்னா எட்டரை மடங்குதான். இந்த ஒரு வகுத்தல் தெரிஞ்சா எந்தக் கடைக்காரரும் உங்களை ஏமாத்த முடியாது.

இப்போ அளவு. அச்சுக்குள்ள அரிசியை நிரப்பி, அதை லிட்டர் படியில அளந்துக்கங்க. (அந்த அரிசியை மறுபடி சமையலுக்கு வச்சு வீட்டுல திட்டு வாங்கிட்டு என்னைச் சொல்லக்கூடாது.) ஆறு லிட்டர் வருதுன்னு வச்சுக்கோங்க. 64 டென்சிட்டி ஃபோம். ஆறு பெருக்கல் 64, 384 கிராம். ஓரம் வரைக்கும் அழுத்தமா போகணும், டம்ளர்ல ஒட்டிக்கிட்டு வீணாறதும் இருக்கு, அதனால நூத்துக்குப் பதினஞ்சு சேர்த்தா ஏறக்குறைய 440 கிராம். ரெண்டு டின்னும் சேர்ந்துதான் 440. எந்த விகிதத்துல பிரிக்கணும்ங்கிறது டின் மேல இருக்கும். சில சரக்கு அளவுக்கு அளவு சமம், சிலது எடைக் கணக்கு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

இந்த விகிதத்துல கைமணம் காட்டக்கூடாது. ரசத்துல மிளகு கொஞ்சம் தூக்கலா போடற மாதிரி "சீக்கிரம் இறுகட்டும்"னு ஐசோசயனேட்டைக் கூட ஊத்தினா, பொருள் அப்பளம் மாதிரி நொறுங்கும். பாலியால் கூடிப்போனா மெத்துமெத்துனு வந்து அப்புறம் சுருங்கும்.

நம்ம ஊர் வெயிலை எந்த வீடியோவும் கணக்குல எடுக்கிறதில்லை. டின்ல "கலந்து 40 விநாடியில பொங்க ஆரம்பிக்கும்"னு போட்டிருந்தா அது பெரும்பாலும் 25 டிகிரிக்கு எழுதினது. சென்னை மே மாசத்துல மதியம் ரெண்டு மணிக்கு மொட்டை மாடியில கலந்தா அந்த 40-ல பாதி கிடைச்சா அதிர்ஷ்டம். பத்து டிகிரி ஏறினா வினை வேகம் கிட்டத்தட்ட இரட்டிக்கும்னு பிளஸ் டூவுல படிச்சோமே, அது இங்க கப்புக்குள்ளயே பொங்கிக் காட்டும். விடியற்காலையில பண்ணுங்க. வேலை முடிஞ்சதும் டின்னை இறுக்க மூடுங்க. நம்ம கடற்கரைக் காத்துல இருக்கிற ஈரத்தைப் பாலியால் உறிஞ்சும், ஐசோசயனேட் மேல ஏடு கட்டும். அடுத்த தடவை ஊத்தினா கண்டபடி பொங்கும். பிளாஸ்டர் அச்சும் அப்படித்தான், காயாம இருந்தா அந்த ஈரமே நுரையில ஓட்டை ஓட்டையா போட்டுடும். நல்லா காயவிட்டு, ஷெல்லாக் பாலிஷ் ரெண்டு கோட் அடிச்சு, மெழுகு தேய்ச்சு அப்புறம் ஊத்தணும். மெழுகு இல்லாம ஊத்தினா அச்சும் சிலையும் பிரிக்க முடியாத தம்பதி ஆயிடும். காத்து வெளியேற மேல ரெண்டு துளை அவசியம். மூடின அச்சுன்னா கயிறு போட்டுக் கட்டுங்க, பொங்குற ஃபோம் தள்ளுற தள்ளுல அச்சே பிளந்துக்கும்.

ஒரே மூச்சுல பெருசா ஊத்தாதீங்க. வினை நடக்கும்போது சூடு கிளம்பும். ஃபோம் வெப்பத்தை வெளியே விடாத பொருள். அதனால பெரிய கட்டியோட நடுவுல நூறு டிகிரியைத் தாண்டும், உள்ளயே கருகறதும் உண்டு, தீப்பிடிக்கிறதும் உண்டு. தவணை முறையில ஊத்தி, ஆறவிட்டு ஊத்தணும்.

சரி, உடம்புக்கு வருவோம். ஐசோசயனேட்னு சொன்னதும் ரெண்டு கட்சி கிளம்பும். ஒரு கட்சி "ஐயோ போபால் வாயு!"ன்னு அலறும். 1984 டிசம்பர்ல போபால்ல கசிஞ்சது மீத்தைல் ஐசோசயனேட். அது சட்டுனு ஆவியாகிற கொடும் விஷம். ஃபோம்ல இருக்கிற எம்.டி.ஐ. வேற ஆளு, சாதாரண சூட்டுல லேசுல ஆவியாகாது. ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்றது தப்பு. இன்னொரு கட்சி "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது பாஸ், நான் வெறுங்கையாலதான் அடிக்கிறேன்"னு மார் தட்டும். எனக்கு இவங்க மேலதான் கோவம் அதிகம். எம்.டி.ஐ. தோல்ல பட்டாலும், ஸ்பிரே துளியா மூச்சுல போனாலும் சிலருக்கு உடம்பு அதைப் பகையா ஞாபகம் வச்சுக்கும். அதுக்கப்புறம் துளியூண்டு பட்டாலே இழுப்பு வரும், ஆஸ்துமா. ஒரு தடவை அப்படி ஆயிட்டா பழைய நிலைக்குத் திரும்பறது ரொம்பக் கஷ்டம். பத்து தடவை ஒண்ணும் ஆகலைங்கிறது பதினொண்ணாவது தடவைக்கு உத்தரவாதம் கிடையாது.

ஐரோப்பாக்காரன் என்ன பண்றான் தெரியுமா? இந்த எம்.டி.ஐ. 0.1 சதவீதமும் அதுக்கு மேலயும் இருக்கிற டப்பாவைப் பொதுமக்களுக்கு விக்கணும்னா உள்ளயே கையுறை வச்சு விக்கணும். 2010 டிசம்பர் கடைசியில இருந்து விதி. தொழிலா பண்றவங்களுக்கு 2023 ஆகஸ்ட்ல இருந்து பயிற்சி கட்டாயம். இங்க நான் போற கடையில டப்பா மட்டும்தான் தர்றாங்க. கையுறை கேட்டா "எதுக்கு சார், கெரசின்ல கழுவினா போயிடும்"னு அட்வைஸ் இலவசம். அவ்வ்வ்வ்! நைட்ரைல் கையுறை, கண்ணாடி, ஜன்னல் திறந்த இடம். ஸ்பிரே பண்ணும்போது பக்கத்துல பூஜை விளக்கோ ஊதுவத்தியோ கூடாது, டப்பாவுல வர்ற வாயு தீப்பிடிக்கிற வாயு. இன்னொண்ணு, தெர்மாகோல் அறுக்கிற சூடான கம்பியை வச்சு இதை அறுக்கிற வீடியோவும் பார்த்தேன். தெர்மாகோல் சூட்டுல உருகும். இது உருகாது, கருகும். கருகினா வர்ற புகையில ஹைட்ரஜன் சயனைடு இருக்கும். ரம்பத்தால அறுங்கப்பா, முகக்கவசம் போட்டுக்கிட்டு.

இப்போ என் கோவத்தோட அடிவேருக்கு வர்றேன். தீ.

2003 பிப்ரவரி 20. அமெரிக்காவுல ரோட் ஐலண்டு மாநிலம், வெஸ்ட் வார்விக்ங்கிற ஊர், 'தி ஸ்டேஷன்'னு ஒரு இரவு விடுதி. பாட்டுக் கச்சேரி ஆரம்பிச்சதும் மேடையில மத்தாப்பு மாதிரி ஒண்ணு கொளுத்தினாங்க. மேடைச் சுவர்ல சத்தம் அடங்க ஒட்டியிருந்தது பாலியூரித்தேன் ஃபோம். ஒன்றரை நிமிஷத்துக்குள்ள உள்ள மனுஷன் நிக்க முடியாத நிலை. செத்தது 100 பேர். பத்து வருஷம் கழிச்சு 2013 ஜனவரியில பிரேசில்ல சான்டா மரியாவுல 'கிஸ்' விடுதி. அதே மேடை, அதே வாணம், மேல அதே மாதிரி ஃபோம். 242 பேர். "அது மெத்து ஃபோம், இது கெட்டி ஃபோம்"னு யாராவது வருவீங்க. ஆமா, வேற வகைதான். குடும்பம் ஒண்ணு, சயனைடு புகையும் ஒண்ணு.

நமக்கு இந்தப் பாடத்தை அமெரிக்காவுல இருந்து இறக்குமதி பண்ண வேண்டிய அவசியமே இல்லை. 2004 ஜூலை 16, கும்பகோணம். 94 குழந்தைங்க. கீத்துக் கூரை. அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா கீத்தைப் பிரிச்சோம். கான்கிரீட் அரங்கம் கட்டிட்டு, அதுக்குள்ள வருஷா வருஷம் ஃபோம்ல குகை கட்டி, சீரியல் லைட் சுத்தி, பக்கத்துல ஹாலஜன் விளக்கை நிறுத்தி, நடுவுல அறுபது குழந்தைங்களைக் காகிதக் கிரீடத்தோட ஆட விடறோம். போன வருஷம் நான் போன ஒரு விழாவுல மேடையோட பக்கவாட்டு வழியையே ஃபோம் பாறை வச்சு அடைச்சிருந்தாங்க. "இது தீப்பிடிக்காதா சார்?"னு அலங்காரப் பொறுப்பாளர் கிட்ட கேட்டேன். "ஃபயர் ரேட்டட் சார், பிங்க் கலர் வாங்கினோம்"னார்.

அந்த பிங்க் கலர் மூடநம்பிக்கையையும் இங்கயே உடைச்சிடறேன். தீத்தாங்கும்னு எழுதின டப்பாவைச் சோதிக்கிறது எப்படின்னா, ரெண்டு சுவருக்கு நடுவுல இத்தனை மில்லிமீட்டர் இடுக்கு, இத்தனை ஆழம், அதுக்குள்ள அடிச்சா இத்தனை நிமிஷம் தீயைத் தடுக்கும்னு. மூணு பக்கமும் கான்கிரீட் காவல் இருக்கும்போது வாங்கின சர்டிபிகேட் அது. அதையே ஆறடி உயரப் பாறையா திறந்தவெளியில நிறுத்தினா அந்த சர்டிபிகேட்டுக்கு மதிப்பு பூஜ்யம். ஜெர்மன் முறையில பி1, பி2, பி3-ன்னு டப்பாவுல போட்டிருக்கும். பி3-ன்னா சுலபமா தீப்பிடிக்கும்னு அர்த்தம். கடையில திருப்பிப் பாருங்க, எத்தனை டப்பாவுல பி3-ன்னு இருக்குன்னு. சிலதுல எதுவுமே இருக்காது, அது இன்னும் விசேஷம்.

"இவ்ளோ யோசிச்சா ஒண்ணும் செய்ய முடியாது தலைவா"ங்கிற பின்னூட்டம் வரும்னு தெரியும். செய்ய முடியும். ஏ.சி. பைப் போற துளை, யு.பி.வி.சி. ஜன்னல் இடுக்கு, இதுக்கெல்லாம் டப்பா ஃபோம் தங்கம். ஜன்னலுக்குக் கம்மியா பொங்குற வகை வாங்குங்க, இல்லைன்னா சட்டம் வளைஞ்சு கதவு சாத்தாது. அடிச்சப்புறம் மேல பூச்சோ பெயின்ட்டோ வேணும், வெயில் பட்டா மஞ்சளாகி உதிரும். தோட்டத்து நீரூற்றுக்குப் பாறையா? ரெண்டு டின் ஃபோமைத் தாராளமா வாருங்க. நுணுக்கமான முகம்னா முதல்ல அச்சு ஓரமா ரெசின் தடவி ஓடு எடுத்து, அப்புறம் உள்ள ஃபோம் நிரப்புங்க.

பள்ளிக்கூட மேடைக்கு? பண்ருட்டி, காஞ்சிபுரம் பக்கம் கொலு பொம்மைக்காரங்க காலங்காலமா காகிதக் கூழை அச்சுல அப்பி எடுக்கிறாங்க. உள்ளே கூடு, எடை இல்லை, மூக்கும் முழியும் அச்சுல இருக்கிற மாதிரியே வரும். காகிதமும் எரியும்தான், நான் ஒண்ணும் மறைக்கலை. விளக்கைத் தள்ளி வைக்கிறதும் வழியை அடைக்காம இருக்கிறதும் அதுக்கும் பொருந்தும். ஆனா கூழுல வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்தா தீ பிடிக்கிறது மெதுவாகும், சயனைடு புகை பயமும் இல்லை. என் தம்பி யானையோட ரெண்டாவது அவதாரம் பழைய பேப்பர்ல அதே பிளாஸ்டர் அச்சுலதான் வந்தது. காய அஞ்சு நாள் ஆச்சு. வீடியோவா எடுத்தா யாரும் பார்க்க மாட்டாங்க.

உங்க பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா வருதுன்னா ஒத்திகை அன்னிக்கே போய் ரெண்டு கேள்வி கேளுங்க. அந்தப் பாறை எதுல செஞ்சது? விளக்கு அதுல இருந்து எத்தனை அடி? "சும்மா இருங்க சார்"னு சொன்னா எந்த ஊருன்னு மட்டும் பின்னூட்டத்துல போடுங்க, பள்ளிக்கூடத்துப் பேர் வேணாம்.

பி.கு: கையில ஃபோம் ஒட்டிக்கிச்சுன்னா ஈரமா இருக்கும்போதே துணியால துடைச்சு, எண்ணெய் தேய்ச்சு, சோப்புப் போட்டுக் கழுவுங்க. கருவியில ஒட்டினா அசிட்டோன். இறுகிப் போச்சுன்னா அசிட்டோனுக்கும் அசையாது, தோல்ல இருந்து அதுவா உதிர சில நாள் ஆகும். அதுவரைக்கும் ஆபீஸ்ல யாராவது "என்ன பாஸ், கையில பஜ்ஜி மாவா?"ன்னு கேட்டா நான் பொறுப்பில்லை.